கணக்கில் வராத இருவர்

நம் வீட்டு இரும்பு கேட்டின் வெளிப்பக்கத்தில், தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே, கொரோனா காலத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. உங்கள் இருவருக்கும் நினைவிருக்கும். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட வெள்ளைத் தாள். முதல் கட்டத்தில் தேதி, அடுத்ததில் வீட்டில் எத்தனை பேர், அதற்கடுத்து காய்ச்சல் உண்டா இல்லையா, கடைசியில் ஒரு கையெழுத்து. காய்ச்சல் கணக்கு எடுக்க வந்த பெண் தினமும் காலை பத்து மணி வாக்கில் வந்து, நெற்றிக்கு நேராக அந்தத் துப்பாக்கி மாதிரிக் கருவியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நீல மையில் நிரப்பிவிட்டுப் போவாள். ஒரு தாள் நிரம்பினால் அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டுவாள். வெயில் பட்டு ஓரமெல்லாம் சுருண்டு, கடைசியில் அது அட்டை போலத் தடித்துவிட்டது. அந்தத் தாள்களில் எல்லா நாளும் ஒரே எண்தான். நான்கு. உங்கள் அம்மா, நான், நீங்கள் இரண்டு பேர்.

அப்போது நம் வீட்டில் இருந்தது ஆறு பேர்.

இதை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. நான் பத்தாவது வரை படித்தவன். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று செப்புக் கம்பிக் காயில் கட்டினேன் என்று நோட்டில் குறித்து வைப்பதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பல வருஷமாகிறது. எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் ஏறுகிறது. யார் மேல் எரிச்சல் என்று கேட்டால் நோய் மேல், அந்த ரூல் மேல், நம் தெரு மேல் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வழியில்லை.

ஊரடங்கு தொடங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம், மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனை ஒட்டிய ஒரு லாட்ஜில் தண்ணீர் ஏறவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மோட்டாரைச் சரிசெய்துவிட்டு டூல்ஸ் பையோடு வெளியே வந்தால், வாசலில் இரண்டு சைக்கிள்கள். முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் என்று மூட்டை கட்டிய சைக்கிள்கள். பக்கத்தில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். வெயிலில் அலைந்து அலைந்து இருவர் முகமும் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த அம்மா கையில் பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். லாட்ஜ் மேனேஜர் அதைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"அண்ணே, நீயே சொல்லு. ஃபாரின்காரங்க உள்ள கீறாங்கன்னு தெரிஞ்சாலே பக்கத்துக் கடைக்காரன்லாம் பேஜார் பண்றான். மொதலாளி இப்பவே காலி பண்ணச் சொல்லிட்டாரு. நான் இன்னா பண்ண முடியும்?"

அவர்களுக்கு அவன் பேச்சு புரியவில்லை. ஆனால் ஐந்து வருஷமாக ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றியவர்கள், ஒரு மனுஷன் கையை எந்தப் பக்கம் ஆட்டுகிறான் என்பதை வைத்தே எல்லாம் தெரிந்துகொள்வார்கள் போல. அந்த அம்மா பாஸ்போர்ட்டை மூடிப் பையில் வைத்தார். எங்கே போவது என்று இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் மாடி அறை காலியாக இருந்தது. காட்டாங்குளத்தூர் காலேஜில் படித்த பையன்கள் முந்தின வாரம்தான் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் மொபெட்டைக் கிளப்பி, பின்னால் வாருங்கள் என்று கையைக் காட்டினேன். முடிச்சூர் ரோடு முழுக்க என் பின்னாலேயே வந்தார்கள்.

உங்கள் அம்மா கேட்டைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். "ஏங்க, ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நீங்க போயி வெள்ளைக்காரங்களைக் கூட்டிட்டு வந்து நிக்கிறீங்களே, ரெண்டு பசங்க இருக்கிற வீடுங்க இது!" என்று என்னைக் கடிந்துகொண்டாள். அப்புறம் பத்து நிமிஷத்தில் துடைப்பத்தையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறியவளும் அவள்தான்.

நீங்கள் அவர்களை மாடி அங்கிள், மாடி ஆன்ட்டி என்றீர்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். போர்ச்சுகல் நாடு. வீட்டை விட்டுக் கிளம்பி, தரை வழியாகவே இந்தியா வந்து, கன்னியாகுமரி வரை போய்விட்டுக் கிழக்குக் கடற்கரை ரோடு வழியாக மேலே வந்துகொண்டிருந்தார்கள். இதெல்லாம் பெரியவள் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நீ, பரீட்சை தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் எல்லோரும் பாஸ் என்று ஆகும் வரை, அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் வாயாக இருந்தாய். எனக்கு இங்கிலீஷில் தெரிந்தது வால்வு, ஸ்டார்ட்டர், கெபாசிட்டர், யெஸ், நோ, தேங்க் யூ.

கணக்கெடுக்க அந்தப் பெண் முதல் தடவை வந்தது நாலைந்து நாள் கழித்து. "அண்ணா, வூட்ல எத்தினி பேரு?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்கு முன்னால் என் கண் முன்னால் வந்து நின்றது தகரம்தான். அப்போது நோய் வந்த வீட்டு வாசலில் தகரம் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை அடைத்ததை நானே பார்த்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் இன்று சாயங்காலமே தகரம் வந்துவிடும் என்று பயந்தேன். நான் வேலைக்குப் போக பாஸ் வைத்திருந்தேன். ஊரடங்கிலும் மோட்டார் பழுதாகும், தண்ணீர் இல்லாமல் யாரும் இருக்க முடியாது. வீட்டை அடைத்துவிட்டால் அந்த வேலையும் போச்சு. இவ்வளவும் ஒரு நொடியில் மனசில் ஓடியது. "நாலு பேரும்மா" என்றேன்.

தெருவுக்குத் தெரியாமல் ஒரு வாரம்கூட வைத்திருக்க முடியவில்லை. மொட்டை மாடியில் ஆறடி ஆள் நடந்தால் யாருக்குத் தெரியாது? எதிர் வீட்டில் இருக்கிற, பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன சார், நம் குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி. அவர் பால்கனியில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனேன்.

"ஏம்பா, மேல இருக்கிறவங்களைப் பத்தி எழுதிக் கொடுத்துட்டியா?"

"இல்ல சார். நாலு பேர்னுதான் சொல்லியிருக்கேன்."

"அப்பாடா! அப்படியே விட்டுடு. எழுத்துன்னு வந்துட்டா உன் வீடு மட்டும் இல்ல, மொத்த ஸ்ட்ரீட்டையும் கன்டெய்ன்மென்ட்னு போட்டுடுவான். அவங்க பாட்டுக்கு மேல இருக்கட்டும். பேப்பர்ல வேணாம்."

எனக்கு அப்போது அது பெரிய உதவியாகத் தெரிந்தது. நல்ல மனசுக்காரத் தெரு என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அதன் பிறகு தெருவே சேர்ந்து ஒரு ரகசியம் காத்த மாதிரி ஆகிவிட்டது. மருந்துக் கடைக்காரர், மூலையில் இஸ்திரி போடுகிறவர், எல்லோருக்கும் அவர்களைத் தெரியும். காகிதத்துக்குத்தான் தெரியாது. ஏன், கணக்கெடுக்க வந்த அந்தப் பெண்ணுக்கே தெரியும். ஒரு நாள் மாடிக் கொடியில் காய்ந்த நீளக் கால்சட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, நீ இவ்ளோ ஒசரமா?" என்று கேட்டுச் சிரித்தாள். உங்கள் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு நாலு என்று எழுதிவிட்டுப் போனாள். தினக்கூலிக்கு வந்த பெண். எழுதாமல் விட்டதில் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. அண்ணா என்று கூப்பிட்ட வாய், அவ்வளவுதான்.

பத்து நாள் போன பிறகு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் திடீரென்று ஆறு என்று சொன்னால், அந்த இரண்டு பேர் நேற்று ராத்திரி எங்கிருந்து குதித்தார்கள் என்று கேட்பார்களே. இருக்கட்டும், இன்னும் ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தள்ளினேன். அந்த ஒரு வாரம் எத்தனை வாரமாக நீண்டது என்று உங்களுக்குத் தெரியும்.

மேலே அவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கத்திரி வெயிலில் அந்த அறைக்குள் நின்றால் கண் எரியும். நான் கூரை மேல் கோணிச் சாக்கு விரித்து ஹோஸ் பைப்பால் நனைத்துவிடுவேன், அரை மணியில் காய்ந்துவிடும். நாள் ஒன்றுக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் மிதித்தவர்கள், மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்தே சுற்றினார்கள். மாடி அங்கிள் எத்தனை சுற்று என்று சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்தார். கொஞ்ச நாளில் கோடு போடுவதை நிறுத்திவிட்டார். அப்புறம் சைக்கிளின் பின் சக்கரத்தைச் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தி, ஏறி உட்கார்ந்து சும்மா மிதிப்பார். சக்கரம் சுற்றும், சைக்கிள் நகராது. கீழே நான் காயில் கட்டிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். முதலில் சிரிப்பாக இருந்தது. போகப்போக அதைக் கேட்டாலே எனக்கு எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

அந்த வருஷம் தாம்பரத்தில் மின்சார ரயில் சத்தம் அடியோடு நின்றுபோனது. ஆனால் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் மட்டும் அவ்வப்போது கிளம்பும். சத்தம் கேட்டதும் மாடி ஆன்ட்டி தண்ணீர்த் தொட்டி நிழலிலிருந்து எழுந்து நின்று பார்ப்பார். அது வண்டலூர்ப் பக்கம் போய் ஒரு வட்டம் அடித்துவிட்டுக் கிளம்பின இடத்துக்கே திரும்பிவிடும். அவரும் உட்கார்ந்துவிடுவார்.

அவருக்கு இருந்த கவலை அவருடைய அப்பா. அந்தப் பெரியவர் அவர்கள் ஊரில் டிராம் ஓட்டியவர். ரோட்டிலேயே தண்டவாளம் போட்டு, மேலே போகிற ஒயரிலிருந்து கரண்ட் எடுத்து ஓடுமாம். நானும் கரண்ட் வேலைக்காரன் என்று நீ சொன்னதும், வீடியோ காலில் என்னைக் காட்டச் சொன்னாராம். முதியோர் இல்லத்தில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் டியூப். நான் கையில் இருந்த, அப்போதுதான் காயில் சுற்றிய மோட்டார் ஆர்மேச்சரைத் தூக்கிக் காட்டினேன். அவர் கட்டை விரலை உயர்த்தி ஏதோ சொன்னார். "காயில் சுத்தமா கட்டியிருக்கீங்கன்னு சொல்றாருப்பா" என்றாய். உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிற ஒரு மனுஷன் என் வேலையைப் பார்த்துச் சொன்னது அது. அதன் பிறகு வாரம் ஒரு தடவையாவது நாங்கள் இருவரும் கையசைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாரமும் அவர் கை கொஞ்சம் தாழ்வாகத்தான் எழுந்தது.

ஜூன் மாதம் ஒரு காலை, ஆன்ட்டி படியில் இறங்கி ஓடி வந்தார். ஐரோப்பாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு சிறப்பு விமானம், இன்னும் ஐந்தே நாளில், மீனம்பாக்கத்திலிருந்தே கிளம்புகிறது. இரண்டு இடம் கிடைத்துவிட்டது. ஒரு சான்றுச் சீட்டு மட்டும் வேண்டும். கடைசிப் பதினான்கு நாளாக இந்த விலாசத்தில்தான் இருந்தார்கள், காய்ச்சல் இல்லை என்று இந்த ஏரியா சுகாதார ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவ்வளவுதான். உங்கள் அம்மா கேசரி கிளறினாள். எனக்கு மட்டும் கேட்டில் ஒட்டியிருந்த தாள் ஞாபகம் வந்தது. ஆனாலும், நேரில் போய்ப் பேசினால் ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தந்துவிடுவார் என்று நம்பினேன்.

அன்று மத்தியானம் நாம் நான்கு பேர் ஆய்வாளர் ஆபீசுக்குப் போனோம். அவர்கள் இருவர், நான், வாயாகப் பெரியவள் நீ. ஆய்வாளர் நல்ல மனுஷர்தான். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நம் தெருக் கணக்கு நோட்டையும், கணக்கெடுக்கிற அந்தப் பெண்ணையும் வரச் சொன்னார். நோட்டைப் புரட்டினார். பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி புரட்டினார்.

"என்னங்க இது? உங்க வீட்ல நாலு பேர்னு இருக்கு. நேத்து வரைக்கும் நாலுதான். இவங்க எங்க இருந்து வந்தாங்க?"

அந்தப் பெண் மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். ஆய்வாளர் அவளைக் கேட்டார்: "நீ வீட்டைப் பார்த்தியா, இல்ல கேட்டில நின்னே எழுதிட்டு வந்தியா?" அவள் வேலை அங்கேயே ஆட ஆரம்பித்துவிட்டது எனக்குத் தெரிந்தது. "அவங்க மேல தப்பு இல்ல சார். நான்தான் நாலுன்னு சொன்னேன். மேல ஆள் இருக்கிறது அவங்களுக்குத் தெரியாது" என்றேன். அதில் பாதி உண்மை, பாதி பொய்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"பயந்துட்டேன் சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நோட்டை மூடி மேஜையில் வைத்தார். "இன்னிக்குத் தேதியில இருந்து ஆறு பேர்னு எழுதிக்கிறேன். பதினாலு நாள் கழிச்சு வாங்க, கண்ணை மூடிட்டுக் கையெழுத்து போடறேன். எழுத்துல இல்லாத ஆளுக்கு எப்படிங்க நான் எழுதித் தர முடியும்? ஃப்ளைட்ல ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். நான் கெஞ்சினேன். அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். எதிர் வீட்டு சாருக்கு அங்கிருந்தே போன் போட்டு, "சார், சங்கத்து லெட்டர்பேடுல, இவங்க இங்கதான் இருந்தாங்கன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டேன். "நான் அன்னிக்கே சொன்னேனேப்பா, பேப்பர்ல வேணாம்னு. சங்கத்தை இதுல இழுக்காதே" என்று வைத்துவிட்டார்.

மாடி ஆன்ட்டி உன்னைப் பார்த்து என்னவோ கேட்டார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருப்பார். நீ என்னைப் பார்த்தாய். அப்போது உனக்குப் பதினைந்து வயசு. நான் குனிந்து உன்னிடம் சொன்னதை மறக்க ஆசைப்படுகிறேன், முடியவில்லை.

"ரூல் மாறிடுச்சாம், இப்ப சீட்டு தர மாட்டாங்களாம்னு சொல்லும்மா."

நான் மறுபடி, "சொல்லும்மா" என்று கொஞ்சம் அதட்டினேன். நீ அவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினாய். நான் சொன்ன ஒரு வரிக்கு அது நீளமாக இருந்தது. இங்கிலீஷில் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆன்ட்டி கேட்டு முடித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு உன் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். அங்கிள் தரையையே பார்த்தபடி பின்னால் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆன்ட்டி கேட்டுக்கு வந்துவிட்டார். கணக்கெடுக்கிற பெண் வாயைத் திறப்பதற்கு முன்னால், "ஆறு பேர். ஜொரம் இல்ல" என்றார். யார் சொல்லிக்கொடுத்ததோ, அந்தப் பெண் பேசுகிற மாதிரியே இருந்தது. "அக்கா, சூப்பர்க்கா!" என்று அவள் கை தட்டினாள். அன்றிலிருந்து தினமும் அவர்தான் சொன்னார். நான் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். இந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானம் போய்விட்டது. அது போன ஒன்பதாம் நாள் அந்தப் பெரியவர் இறந்தார். அடக்கத்தைப் போனில் காட்டினார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்து, இருவரும் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அங்கேயும் கூட்டம் சேரக் கூடாதாம். பெட்டிக்குப் பக்கத்தில் மொத்தம் மூன்றே பேர். நடுவில் சிக்னல் போய்ப் படம் நின்றுவிட்டது. திரும்பி வரும்போது மண் தள்ளி முடித்திருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று உங்கள் அம்மா மூன்று நாளும் சாப்பாட்டை மேலே எடுத்துக்கொண்டு போனாள். நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேலை இல்லாத இடங்களில் மொபெட்டை நிறுத்திவிட்டு நின்றேன்.

அடுத்த விமானத்தில் இடம் கிடைக்கும் வரை அவர்கள் இன்னும் நான்கு மாதம் இங்கே இருந்தார்கள். அப்பாவும் போய்விட்டார், அவசரமாக ஓட இனி ஒன்றும் இல்லை என்பது போல இருந்தார்கள். அந்த நான்கு மாதமும் ஆன்ட்டி சாயங்காலம் கீழே வந்து, நான் வேலை செய்யும் பெஞ்சுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவார். பேச எங்களுக்குள் பாஷை கிடையாது. நான் காயில் சுற்றுவேன், அவர் பார்ப்பார். எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி இருக்கும். அப்பாவின் ஞாபகம் வந்து உட்காருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். எத்தனையோ நாள் உண்மை வாய் வரை வந்தது. பெரியவளைக் கூப்பிட்டு, இதைச் சொல்லும்மா என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். கடைசியில் டி.வி. கடையிலிருந்து பெரிய அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து சைக்கிள்களைப் பிரித்துப் போட்டுக் கட்டிக்கொடுத்தேன். அவர்கள் போய்விட்டார்கள்.

போன மாதம் சங்கத்து ஆண்டு விழா உங்களுக்குத் தெரியும். கொரோனா நேரத்தில் மனிதநேயம் காட்டியவர் என்று சொல்லி எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் அதே பேங்க் சார். "நம்ம ஸ்ட்ரீட் அன்னிக்கு ரெண்டு ஃபாரினர்ஸை ஒரு குடும்பம் மாதிரி பாத்துக்கிட்டது" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கைப் பிடுங்கிப் பேச வேண்டும் போல இருந்தது. பேசவில்லை. கை கூப்பிவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து பொன்னாடையை நாற்காலியில் விட்டெறிந்ததைப் பார்த்துவிட்டுத்தான், பெரியவளே, நீ என்ன ஆச்சு என்று கேட்டாய்.

"மாடி ஆன்ட்டிக்கு உண்மை தெரியணும்மா. ரூல் மாறலைன்னு தெரியணும்" என்றேன்.

நீ பொன்னாடையை எடுத்து மடித்தாய். அப்புறம், "அப்பா, அவங்களுக்குத் தெரியும். நான் அன்னிக்கே சொல்லிட்டேன்" என்றாய்.

"நான் உன்னை வேற சொல்லச் சொன்னேனே?"

"அவங்க அப்பா சாகப்போறாருப்பா. நான் எப்படிப்பா பொய் சொல்லுவேன்? நீங்க பயந்துபோய் நாலுன்னு சொல்லிட்டீங்க, பேரு எழுத்துல இல்ல, அதனாலதான் தர மாட்டேங்கறாங்கன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஆன்ட்டிதான் வேணாம்னாங்க. 'விடு, உங்க அப்பாவே ஒரு நாள் வந்து எங்கிட்ட சொல்லுவாரு'ன்னாங்க."

இதை நீ சொன்னபோது நான் கோபப்பட்டுவிட்டேன். உன்னைத் திட்டினேன். சாப்பிடாமல் எழுந்துபோனேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். உன் மேல் கோபமில்லை. அந்த முக்காலியை நினைத்து வந்த கோபம். நான்கு மாதம் அந்த அம்மா விமானத்துக்கு மட்டும் காத்திருக்கவில்லை. நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்கும் காத்திருந்திருக்கிறார். விமானமாவது கடைசியில் வந்தது. ஏன் என் சட்டையைப் பிடித்துக் கேட்கவில்லை, ஏன் கத்தவில்லை என்று அவர் மேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது. கத்தியிருந்தால் அன்றே காலில் விழுந்து முடித்திருப்பேனே. கத்தாமல் உட்கார்ந்திருந்தவருக்கு முன்னால் நான் காயில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சின்னவனே, உனக்கு இதெல்லாம் முழுசாகத் தெரியாது. அப்போது நீ ஆறாவது. உன் அக்கா அன்று என் பேச்சைக் கேட்கவில்லை என்பதைத் தெரிந்துகொள். அப்பா சொன்னாலும் கேட்கக் கூடாதது ஒன்று உண்டு. அதைப் பதினைந்து வயசில் அவள் எனக்குக் காட்டிவிட்டாள். எனக்குத்தான் அது புரியாத பாஷையில் நடந்தது.

பெரியவளே, அவர்கள் விலாசம் உன்னிடம் இருக்கிறது. இதை இங்கிலீஷில் எழுதி அனுப்பு. தகரம், பாஸ் எல்லாம் இருக்கட்டும், ஆனால் அதையெல்லாம் காரணமாகக் காட்டி என்னைக் காப்பாற்றாதே. தெருவையும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதே. அன்று நான் சொன்னதை நீ மாற்றிச் சொன்னாய், சரியாகச் செய்தாய். இன்று ஒரு வரியைக்கூட மாற்றாதே. மற்றது எல்லாம் பின்னால் வரட்டும், முதல் வரியாக இதைப் போடு: உங்கள் அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்தது ரூல் இல்லை, நான்தான், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தபோது நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.